பட்டறையில் பிறந்த விமானம்

விமானத்தை மரத்தால் செய்யலாம் என்று சொன்னால் இன்று பலர் நம்பத் தயங்குவர். விமானம் என்றவுடன் பளபளக்கும் உலோக உடலும், செவியைப் பிளக்கும் ஓசையும், நூற்றுக்கணக்கான பயணிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், 1903-ஆம் ஆண்டில் ரைட் சகோதரர்கள் ஏறிப் பறந்த முதல் விமானம் மரச் சட்டங்களாலும் பருத்தித் துணியாலும் ஆனது. அவ்விருவரும் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள். எனவே, விமானம் ஒரு சிறு பட்டறையில் பிறந்த பொருளே ஆகும்.

பின்னர் முதல் உலகப் போர் மூண்டது. அரசாங்கங்கள் பெரும்பொருள் செலவிட்டு விமானங்களைத் தொழிற்சாலைகளில் செய்வித்தன. கணிதப் புலவர்களும் பொறியியல் வல்லுநர்களும் அத்துறையில் புகுந்தனர். விமானம் வளர்ந்தது, அதனோடு அதன் விலையும் வளர்ந்தது. உழவர் மகனோ, தச்சரோ, பள்ளி ஆசிரியரோ ஒரு விமானத்துக்கு உரிமையாளராவது கனவினும் அரிதாயிற்று. இவ்வாறு எட்டாமற்போன பொருளைத் திரும்பவும் எளியவர் கைக்கு எட்டச் செய்தவர்களுள் ஒருவர் பெர்னார்டு பீட்டன்போல் என்பவர்.

அமெரிக்க நாட்டில் மினசோட்டா என்றொரு மாநிலம் உள்ளது. அதன் தென்கிழக்கு மூலையில் செர்ரி குரோவ் என்னும் சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் விளைநிலங்கள், நடுவே சில வீடுகள், அவ்வளவே அவ்வூர். 1901-ஆம் ஆண்டில் பிறந்த பீட்டன்போல் அங்கே வாழ்ந்து வந்தார். அவர் பொறியியற் கல்லூரியில் பயின்றவரல்லர். இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தும் பழுதுபார்த்தும் தாமாகவே தொழில் கற்றவர். போர் முடிந்த பின், படையினரின் பயிற்சிக்காகச் செய்யப்பட்ட விமானங்கள் பல மலிவாக விற்கப்பட்டன. அவற்றை வாங்கியவர்கள் ஊர் ஊராகப் பறந்து சென்று வேடிக்கை காட்டி வந்தனர். அக்காட்சிகள் நாட்டுப்புறத்து இளைஞர் பலருடைய உள்ளத்தைக் கவர்ந்த காலம் அது.

பீட்டன்போல் விரும்பிய விமானம் எத்தகையது? அதில் இருவர் அமரவேண்டும். சிறிய புல்வெளியிலிருந்து எழும்பவும், அங்கேயே இறங்கவும் வேண்டும். அதைச் செய்வதற்கு வேண்டிய பொருள்கள் ஊருக்கு அருகிலேயே கிடைக்கவேண்டும். தச்சு வேலை அறிந்த ஒருவர், பொறுமை ஒன்றையே பெருமுதலாகக் கொண்டு, தம் வீட்டுப் பட்டறையில் அதனைச் செய்து முடிக்கவேண்டும். இவற்றுள் எதுவும் சொல்லுவதற்கு அரிதன்று. ஆனால், எல்லாவற்றையும் ஒரே விமானத்தில் கொண்டுவருவதே அரிது.

1923-ஆம் ஆண்டளவில் அவர் தம் முதல் விமானத்தைச் செய்தார். அது மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள் உடையது. அதற்கு அவர் பொருத்தியது அக்காலத்தில் எங்கும் காணப்பட்ட ஃபோர்டு ‘டி’ வகை மோட்டார் வண்டியின் எஞ்சின். அவ்வெஞ்சினின் ஆற்றல் 20 குதிரைச் சக்தி மட்டுமே. தரையில் வண்டியை இழுப்பதற்கு அது போதும். இரண்டு மனிதர்களை வானில் தூக்கிச் செல்வதற்குப் போதாது. தொடர்ந்து சில ஆண்டுகள் அவர் செய்து பார்த்த முயற்சிகளிலிருந்து ஓர் உண்மை அவருக்கு விளங்கிற்று. மரவேலையில் தமக்குத் தடையில்லை, எஞ்சினே தடை.

இந்த எஞ்சின் தொல்லையைச் சற்று விரிவாக நோக்குவோம். விமானத்தில் எடையே பெரும்பகை. 1927-ஆம் ஆண்டில் லிண்ட்பர்க் என்னும் வீரர் தனியாக அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிச் சென்றார் அல்லவா? அவருடைய விமானத்தில் இருந்த எஞ்சின் ஏறத்தாழ 500 பவுண்டு எடையும் 220 குதிரைச் சக்தியும் உடையது. அதாவது, ஒவ்வொரு குதிரைச் சக்திக்கும் அது சுமந்த எடை இரண்டேகால் பவுண்டு அளவே. அத்தகைய எஞ்சினின் விலையை எளியவர்கள் எண்ணிப் பார்க்கவும் இயலாது. போரில் மிஞ்சிய 90 குதிரைச் சக்தி எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தன என்பது உண்மையே. ஆனால், அவை பளுவானவை. பெரிய விமானங்களுக்கே ஏற்றவை. சிறிய விமானத்துக்கென்றே செய்யப்பட்ட, எளிய விலையுள்ள எஞ்சின் அந்நாளில் இல்லை. 37 குதிரைச் சக்தியும் 144 பவுண்டு எடையும் உடைய காண்டினென்டல் எஞ்சின் 1931-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

1927-ஆம் ஆண்டின் இறுதியில் ஃபோர்டு நிறுவனத்தார் ‘ஏ’ வகை மோட்டார் வண்டியை வெளியிட்டனர். அதன் எஞ்சின் 40 குதிரைச் சக்தி உடையது, முன்னதைப்போல் இருமடங்கு. பீட்டன்போலின் கருத்து அதன்மேற் சென்றது. ஆயினும், அதுவும் வார்ப்பிரும்பால் ஆனது. இருநூறு பவுண்டுக்கு மேல் எடையுள்ளது. நீரால் குளிர்விக்கப்படுவதாகையால், நீரின் எடையும் நீர் சுழலும் ரேடியேட்டரின் எடையும் அதனோடு சேரும். குறைகள் இவ்வளவு இருந்தும் அதனிடத்தில் ஓர் அரிய குணம் இருந்தது. அது மெல்லச் சுழலும்போதே நன்றாக இழுக்கும். விமானத்தின் உந்துவிசிறியும் அளவுகடந்த வேகத்தில் சுழன்றால் பயன் குன்றும். நீண்ட விசிறி நிதானமாகச் சுழல்வதே சிறிய விமானத்துக்கு நல்லது. ஆகவே, இடையில் பற்சக்கரங்கள் எவையும் வைக்காமல், எஞ்சினின் தண்டிலேயே விசிறியை நேராகப் பொருத்த முடிந்தது. பற்சக்கரங்கள் இல்லாமையால் எடையும் குறைந்தது. உடைந்துபோகும் உறுப்புகளும் குறைந்தன.

மோட்டார் வண்டியில் எஞ்சினின் தண்டு சுழன்றால் போதும். விமானத்திலோ, விசிறி அத்தண்டை முன்னோக்கி ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அவ்விழுப்பைத் தாங்குவதற்குத் தனியாக ஒரு தாங்கி வைக்கவேண்டியிருந்தது. மின்கலத்தைச் சுமந்து செல்வது வீண் பளு. எனவே, தீப்பொறி உண்டாக்குவதற்கு ‘மாக்னெட்டோ’ என்னும் கருவியை அமைத்தார். வண்டி எஞ்சின் பெரும்பாலும் தன் முழு ஆற்றலையும் செலவிடாமலே ஓடுகிறது; விமான எஞ்சின் ஏறும்பொழுதெல்லாம் முழு ஆற்றலையும் கொடுத்தாக வேண்டும். அது வழியில் நின்றுபோனால் ஓரமாக நிறுத்திப் பழுது பார்ப்பதற்கு வானில் இடமில்லை. இந்த ஒரு வேறுபாட்டை உணராமல் முயன்று உயிரிழந்தோரும் உண்டு.

1929-ஆம் ஆண்டில் ஃபோர்டு ‘ஏ’ எஞ்சினுடன் பீட்டன்போலின் விமானம் பறந்தது. அதற்கு அவர் ‘ஏர் கேம்பர்’ என்று பெயரிட்டார். அதன் இறக்கை ஒரே அடுக்கு. உடலின் மேல் குடைபோலச் சில கால்களால் தாங்கி நிறுத்தப்பட்டது. ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை இறக்கையின் நீளம் ஏறத்தாழ 29 அடி. உடலின் நீளம் ஏறத்தாழ 18 அடி. முன்னிருக்கையில் பயணி; பின்னிருக்கையில் ஓட்டுபவர். மேலே கூரை இல்லை. இருவரும் காற்றுக்கு முகம் கொடுத்தே அமர்ந்திருப்பர். மணிக்கு 70 அல்லது 80 மைல் வேகத்தில் அது செல்லும். முன்னிருக்கையில் ஏறுவது எளிதன்று. இறக்கைக்கும் அதைத் தாங்கும் கால்களுக்கும் இடையே உடலை ஒடுக்கி நுழைந்தாக வேண்டும். ரேடியேட்டரோ எஞ்சினுக்கு மேலே, கண்ணெதிரே நெட்டுக்குத்தாக நின்று ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும். அழகை விரும்புவோர் இதனைக் குறையென்றே சொல்வர். ஓட்டுபவருக்கும் அது குறையே. ஆனால், நீர் தடையின்றிச் சுழன்று குளிர்வதற்கு அவ்விடம் ஏற்றதாக இருந்தது. பீட்டன்போல் அழகை விட்டுப் பயனைப் பற்றிக்கொண்டார்.

இனி, மரவேலையைப் பார்ப்போம். கைத்தொழிலில் ஈடுபாடு உடையவர்க்கு இவ்விமானத்தில் மிகவும் இன்பம் தரும் பகுதி இதுவே.

விமானத்துக்கு உதவும் மரம் ஸ்புரூஸ் என்பது. அது குளிர்நாட்டில் வளரும் ஊசியிலை மரம். நம் வீடுகளில் கதவுக்கும் நிலைக்கும் உதவும் தேக்கு ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 40 பவுண்டு எடையுள்ளது. ஸ்புரூஸ் ஏறத்தாழ 27 பவுண்டுதான். எடை குறைவாயினும் அதற்கேற்ப வலிமை குறைவதில்லை. அதன் இழைகள் நெடுந்தூரம் நேராக ஓடுபவை. ஆனால், எல்லா ஸ்புரூஸ் மரமும் விமானத்துக்கு ஆகாது. கணுவும் வெடிப்பும் பிசின் பொதிந்த இடங்களும் இருத்தல் கூடாது. வெட்டுமுகத்தில் ஓர் அங்குலத்துக்குள் குறைந்தது ஆறு வளர்ச்சி வளையங்களாவது இருக்கவேண்டும். இழை சாய்ந்து ஓடுமானால், 15 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்தல் கூடாது. வண்டி செய்யும் தச்சர் ஏர்க்காலுக்கு மரம் தேடும்போது இழையோட்டத்தைக் கண்ணாலும் கையாலும் ஆராய்வதை நாம் கண்டிருக்கிறோம். அந்த ஆராய்ச்சியே இங்கும் வேண்டும். ஆனால், இங்கே அது உயிரைக் காக்கும் ஆராய்ச்சி.

இறக்கையின் முதுகெலும்பு போன்றவை இரண்டு நெடுவிட்டங்கள். அவற்றின் குறுக்கே, மீனின் முட்களைப்போல, விலாச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. காற்றைக் கிழித்துச் செல்லும்போது இறக்கையைத் தூக்கிவிடுவது அதன் மேற்புறத்து வளைவு. அவ்வளைவைத் தருவன இவ்விலாக்களே. இருபத்தைந்துக்கு மேற்பட்ட விலாக்கள் ஓர் இறக்கைக்கு வேண்டும். அவை ஒன்றுக்கொன்று சிறிதும் வேறுபடுதல் கூடாது. எனவே, முதலில் ஒரு பலகையின்மேல் விலாவின் உருவத்தை வரைந்து, கோட்டின் இருமருங்கிலும் சிறு கட்டைகளை அறைந்து, ஓர் அச்சு செய்துகொள்ளுகிறார்கள். சுண்டுவிரல் பருமனும் இல்லாத மெல்லிய குச்சிகளை அவ்வச்சினுள் வளைத்துப் பதிக்கிறார்கள். குச்சிகள் கூடும் இடந்தோறும் மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றைப் பசையிட்டு, குண்டூசி போன்ற சிற்றாணிகளால் அறைந்து இறுக்குகிறார்கள். மறுநாள் ஒரு விலா ஆயத்தமாகிறது. அதை எடுத்துவிட்டு அடுத்ததற்குக் குச்சி வைக்கிறார்கள். நாளுக்கு ஒன்றாகச் செய்தால், விலாக்களுக்கு மட்டும் ஒரு மாதம் ஆகும். ஒரு விலாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது ஒரு விளையாட்டுப் பொருளைப்போல் எடையற்றிருக்கும். ஆனால், அத்தகைய விலாக்களின்மேல்தான் ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட பளு வானில் தொங்குகிறது. இறக்கையின் பரப்பைக் கணக்கிட்டால் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ எட்டுப் பவுண்டுதான் பளு விழுகிறது. அதனாலேயே அது தாங்குகிறது.

அக்காலத்துப் பசையைப் பற்றியும் ஒரு சொல். பால் திரிந்தால் கட்டியாகப் பிரியும் பொருளிலிருந்து ‘கேசீன்’ என்னும் தூள் எடுக்கப்படுகிறது. அதனோடு சுண்ணாம்பு முதலியவற்றைச் சேர்த்து நீரில் குழைத்தால் வலிமையான பசை கிடைக்கும். பாலில் பிறந்த பசை விமானத்தைப் பிணைத்தது என்பது வியப்பன்றோ! ஆயினும், நீண்டநாள் ஈரம் படுமானால் அதில் பூஞ்சை பிடித்துப் பிணைப்பு விட்டுவிடும். பிற்காலத்தில் செயற்கைப் பிசின்கள் வந்த பிறகே இக்குறை நீங்கிற்று. மரச்சட்டம் முற்றுப்பெற்றதும் அதன்மேல் துணியைப் போர்த்துத் தைத்து, ‘டோப்’ என்னும் பூச்சைப் பலமுறை பூசுவார்கள். பூச்சு காயக் காயத் துணி சுருங்கி, முரசின் தோலைப்போல் விறைப்பாகும்.

இவ்வளவும் செர்ரி குரோவில் நடந்தேறிய பொழுது, வெளியுலகம் அதனை அறியவில்லை. ‘மாடர்ன் மெக்கானிக்ஸ்’ என்னும் இதழின் ஆசிரியராக அப்போது விளங்கியவர் வெஸ்டன் ஃபார்மர். மோட்டார் வண்டி எஞ்சினைக் கொண்டு விமானத்தைச் செவ்வையாகப் பறக்கவிடுதல் இயலாது என்பது அவர் கருத்து. அவர்மீது குற்றம் சொல்ல நியாயமில்லை. அந்நாளில் அறிந்தவர் பலரும் கொண்டிருந்த கருத்தே அது. பீட்டன்போல் அவருக்கு மறுமொழி எழுதினார். எழுத்தோடு நிற்கவும் இல்லை. 1930-ஆம் ஆண்டில், ஃபோர்டு எஞ்சின் பொருத்திய இரண்டு விமானங்கள் செர்ரி குரோவிலிருந்து புறப்பட்டு, நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து, மின்னியாபொலிஸ் நகரை அடுத்த ராபின்ஸ்டேல் விமானத் திடலில் வந்து இறங்கின. கண்ணெதிரே நிற்பதை மறுத்துப் பேசுவது எவ்வாறு? ஃபார்மர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அதுமட்டுமன்று, அவ்விமானத்தை நாடறியச் செய்யும் பொறுப்பையும் அவரே ஏற்றார். 1932-ஆம் ஆண்டில் அவ்விதழைச் சார்ந்த கையேடு ஒன்றில் ஏர் கேம்பரின் அளவுகளும் செய்முறையும் வெளியாயின. பின்னர், ஹூப்மன் என்னும் துணைவர் தெளிவான வரைபடங்களைத் தீட்டிக் கொடுத்தார். பீட்டன்போல் அவற்றை வேண்டியவர்க்கு விற்று வந்தார்.

அது எத்தகைய காலம் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. வங்கிகள் மூடின, வேலையிழந்தோர் தெருக்களில் நின்றனர். விமானம் வாங்கும் செல்வம் எவரிடத்தும் இல்லை. ஆனால், பழைய ஃபோர்டு வண்டி ஊர்தோறும் கிடந்தது; கைகளுக்கு வேண்டிய ஓய்வும் கிடந்தது. அக்கையேட்டை வைத்துக்கொண்டு பண்ணைக் கொட்டகைகளில் பலர் மரத்தை இழைக்கத் தொடங்கினர்.

எல்லா வரைபடமும் இவ்வாறு நன்மையாகவே முடிந்துவிடவில்லை. பிரான்சு நாட்டில் ஹென்றி மிஞே என்பவர் 1933-ஆம் ஆண்டில் ஒருவர் மட்டும் செல்லத்தக்க சிறு விமானம் ஒன்றைச் செய்தார். அதனை எவரும் செய்துகொள்ளலாம் என்று நூலும் எழுதினார். ஐரோப்பாவில் அதன்மேல் பெரும் மோகம் எழுந்தது. ஆனால், தலைகீழாகச் சரிந்தால் அது மீண்டு வராமல் விழுந்தது, பலர் மாண்டனர். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த பின்னரே, அதன் முன்னிறக்கைக்கும் பின்னிறக்கைக்கும் இடையே காற்று ஓடும் முறையில் இருந்த குற்றம் புலப்பட்டது. மிஞே வஞ்சகரல்லர், தாம் செய்ததில் தாமே பறந்தவர். ஆயினும், ஒருவர் திறமையாக ஓட்டிவிட்டார் என்பதனால் ஒரு வரைபடம் ஊருக்கெல்லாம் பொதுவாகிவிடாது என்பதற்கு அவ்விமானம் கொடுஞ்சான்றாயிற்று. புதுமையான அமைப்பைத் தேடாமல், முன்னே இறக்கை, பின்னே வால் என்னும் பழகிய அமைப்பையே பீட்டன்போல் கைக்கொண்டதன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

அமெரிக்காவிலும் 1930-களில் சட்டங்கள் கடுமையாயின. வீட்டில் செய்த விமானத்தைப் பறக்கவிடுதல் பல மாநிலங்களில் ஏறக்குறைய இயலாததாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே, அத்தகைய விமானங்களுக்குச் சோதனை விமானம் என்னும் பிரிவில் இடம் கிடைத்தது. வேலையின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்தவராயிருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1953-ஆம் ஆண்டில் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் இத்தகையோர்க்கென ஒரு சங்கம் நிறுவினார். பழைய கையேடுகள் மீண்டும் தூசி தட்டி எடுக்கப்பட்டன.

அதற்குள் ஃபோர்டு ‘ஏ’ வண்டிகள் அருகிவிட்டன. பீட்டன்போல் சோர்ந்திருக்கவில்லை. 1960-களில், காற்றால் குளிரும் ஆறு உருளைகள் கொண்ட கார்வேர் என்னும் மோட்டார் வண்டியின் எஞ்சினை எடுத்துத் தம் விமானத்தில் பொருத்தினார். தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை, ஓட்டுபவரின் கண்ணை மறைத்த பொருள் ஒருவழியாக நீங்கிற்று. ஆனால், ஒரு தொல்லை நீங்கினால் மற்றொன்று முளைப்பது இத்தொழிலின் இயல்பு. மூக்கில் இருந்த இரும்புப் பளு குறைந்ததும் விமானத்தின் வால் கனத்தது. தராசின் ஒரு தட்டில் எடையைக் குறைத்தால் மறுதட்டு தாழுமன்றோ? விமானத்தின் நிறைமையம் உரிய இடத்துக்குப் பின்னே போய்விட்டால் அதனைக் கட்டுப்படுத்துதல் கடினம். இதற்கு இரண்டு வழிகள் கண்டனர். ஒன்று, உடலை நீட்டி எஞ்சினை முன்னே தள்ளுதல். மற்றொன்று மிகவும் எளியது. இறக்கை குடைபோல் கால்களின்மேல் நிற்கின்றது, அக்கால்களைச் சற்றே சாய்த்தால் இறக்கை முழுவதும் மூன்று நான்கு அங்குலம் பின்னே செல்லும், நிறை சமனாகிவிடும். உடல் பருத்தவர் ஓட்டுவதற்கும் இதே முறையைக் கையாளுகின்றனர். முதன்முதலில் அக்கால்களை வைத்தபோது பீட்டன்போல் இவ்வளவையும் எண்ணியிருந்தாரோ இல்லையோ, அவ்வமைப்பு பிற்காலத்தாருக்குப் பெருந்துணையாயிற்று.

இருந்தும், வரைபடத்தை வாங்கியவர்களுள் அதைத் திருத்தாமல் செய்தவர் சிலரே. ஒருவர் இருக்கையை அகலமாக்குவார். ஒருவர் சக்கரத்துக்குத் தடை வைப்பார். மற்றொருவர் தடித்த மரம் இட்டால் வலிமை மிகும் என்று எண்ணுவார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் சில பவுண்டு எடை கூடும். இறுதியில் எடைபோட்டுப் பார்க்கும்பொழுது, பயணி ஒருவரை ஏற்றிச்செல்ல மிச்சம் இருக்கவேண்டிய ஆற்றலில் பெரும்பங்கு அத்திருத்தங்களுக்கே போயிருக்கும். 40 குதிரைச் சக்தியில் இருவர் பறந்தனர் என்றால், அதன் இரகசியம் எஞ்சினில் மட்டும் இல்லை. வேண்டாத ஒரு துண்டு மரத்தையும் பீட்டன்போல் உள்ளே விடவில்லை என்பதிலும் இருக்கிறது.

அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செர்ரி குரோவிலேயே கழித்தார். வானொலிப் பெட்டிகளையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் பழுதுபார்ப்பது அவருக்குத் தொழிலாயிற்று. அவர் விமானம் செய்த பட்டறை 1981-ஆம் ஆண்டில் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1984-ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவருடைய விமானக் கொட்டகையைப் பலகை பலகையாகப் பிரித்தெடுத்து, விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் நகரிலுள்ள சங்கத்தின் விமானத் திடலில் மீண்டும் நிறுவினர். ஏர் கேம்பரின் விலாக்களை அச்சில் வைத்துப் பசையிடுவோர் இன்றும் பல நாடுகளில் இருக்கின்றனர்.